படகின் பின்கம்பிக்கு ஒரு கிரில்: இரண்டு முறை தேர்ந்தெடுத்த கதை

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், அன்னாபொலிஸ் நகருக்குத் தெற்கே உள்ள ரோட் ரிவரில் நங்கூரம் போட்டிருந்தோம். படகின் பின்பக்கக் கம்பியில் மாட்டிய கிரில்லில், அதாவது இறைச்சி சுடும் கேஸ் அடுப்பில், கோழித் துண்டுகள் பாதி வெந்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு பெரிய மோட்டார் படகு வேகத்தைக் குறைக்காமல் கடந்து போனது. அது கிளப்பிய அலை பக்கவாட்டில் வந்து மோத, எங்கள் படகு மூன்று முறை நன்றாக ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் கிரில்லைப் பிடித்திருந்த கிளாம்ப் என்ற கவ்வி அந்தக் கம்பியைச் சுற்றி வழுக்கித் திரும்பிவிட்டது. மூடி திறந்துகொண்டது. கோழியும் கொதிக்கிற கொழுப்பும் கீழே கயிற்றில் கட்டியிருந்த டிங்கி என்ற சின்ன ரப்பர் படகுக்குள் விழுந்தன.

டிங்கியில் பெட்ரோல் டப்பா இருந்தது. கொழுப்பு விழுந்த இடத்திலிருந்து ஒரு அடிகூட இருக்காது.

“கேஸை மூடுங்க! முதல்ல கேஸை மூடுங்க!” என்று மனைவி சத்தம் போட்டார். மூட வேண்டிய குமிழ் தலைகீழாகத் தொங்கிய கிரில்லின் அடியில், தீக்குப் பக்கத்தில் இருந்தது. சிலிண்டரும் கிரில்லோடு நேராகத் திருகி மாட்டியது. வேறு எங்கேயும் வால்வு கிடையாது. ஈரத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அணைத்தேன். யாருக்கும் காயமில்லை. டிங்கியின் காற்றுக்குழாயில் மட்டும் சின்ன விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அன்றைக்கு நடந்ததையும், அதன் பிறகு அடுத்த கிரில்லை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். படகில் அடுப்பு மாட்டப் போகிற யாருக்காவது ஒரு டிங்கி மிச்சமானாலும் நல்லது.

படகும் அதன் பின்பக்கமும்

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து வைத்திருக்கும் படகு கேட்டலினா 30. கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லரின் நிறுவனம் 1970களில் தொடங்கி 6,000க்கும் மேல் கட்டிய குடும்பப் பாய்மரப் படகு. நீளம் ஏறக்குறைய 30 அடி, அகலம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. பின்னால் உட்காருகிறவர்கள் தண்ணீரில் விழாமல் இருக்க, ஒரு அங்குல எவர்சில்வர் குழாயை வளைத்து இரண்டு அடுக்காக வேலி மாதிரி கட்டியிருப்பார்கள். அதைத்தான் இங்கே பின்கம்பி என்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பாய்மரப் படகுகள் பலவற்றில் பின்கம்பியில் ஒரு கிரில் தொங்கும். காரணம் எளிது. ஜூலை, ஆகஸ்டில் செசபீக்கில் காற்று செத்துவிடும். புழுக்கம் நம் ஊர்ச் சித்திரை மாதிரி. படகுக்குள் இருக்கும் சின்ன அடுப்பைப் பற்ற வைத்தால் அந்தச் சூடு இரவு முழுக்கக் கேபினை விட்டுப் போகாது. அதனால் சமையல் வெளியே வந்துவிடுகிறது.

வெளியே என்றால் ஏன் பின்பக்கம்? நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அப்போது பின்பக்கம்தான் காற்று விலகிப் போகிற பக்கம். புகையும் பொறியும் ஆட்களையும் பாய்த்துணியையும் தொடாமல் பின்னால் போய்விடும். அன்னாபொலிஸ் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு அடி அளவுதான், நீரோட்டமும் மெல்லியது. அதனால் இங்கே இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது. நீரோட்டம் வலுவாக உள்ள இடங்களில் படகு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும், காற்று பின்னாலிருந்தும் அடிக்கலாம். அங்கே பின்கம்பிக் கிரில்லின் நெருப்பு படகுக்குள் வரும். படகுத்துறையில் கட்டி வைத்திருக்கும்போதும் இதே சிக்கல்தான். இதை வாங்குவதற்கு முன்பு யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

முதல் கிரில்லில் என்ன தவறு

அதைச் சமைக்கும் பரப்பைப் பார்த்து வாங்கினோம். ஆறு பேருக்கு ஒரே முறையில் சுடலாம், விலை குறைவு, “ஸ்டெயின்லெஸ்” என்று அட்டையில் போட்டிருந்தது. கடைக்காரர் தனியாக ஒரு கிளாம்பைக் கொடுத்தார். குழாயில் கவ்வ வைத்துத் திருகாணியை முறுக்கினால் முடிந்தது வேலை. அப்படித்தான் நினைத்தோம்.

விபத்துக்குப் பிறகு, படகுத்துறையில் எங்களுக்கு இரண்டு படகு தள்ளி இருக்கும் பெரியவர் வந்து பார்த்தார். படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளாம்பு பற்றிய இடத்தில் குழாயின் மேல் விரலை வைத்து, வளையமாக விழுந்திருந்த கீறலைக் காட்டினார். அது ஒரே நாளில் விழுந்த கீறல் இல்லை. கிளாம்ப் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். இறைச்சியோடு சேர்த்துக் கிரில் 9 கிலோ. அதன் நடுப்பகுதி குழாயிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. படுக்கைவாட்டில் உள்ள குழாயைச் சுற்றி அது திரும்பப் பார்க்கிற பலம் 9 பெருக்கல் 35, அதாவது 315 கிலோ-சென்டிமீட்டர். அதைத் தடுப்பது கிளாம்புக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. குழாயின் மையத்திலிருந்து மேற்பரப்புக்கு 1.27 சென்டிமீட்டர்தான். 315ஐ 1.27ஆல் வகுத்தால், அந்தச் சின்னக் கவ்வல் 250 கிலோ எடைக்குச் சமமான உராய்வைத் தர வேண்டும். இது படகு அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஆடும்போது இன்னும் கூடும். எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் படிந்த வழவழப்பான குழாயில் இது நடக்கிற காரியமா?

இதே கிரில் மேல்கம்பியையும், அதற்கு 30 சென்டிமீட்டர் கீழே உள்ள நடுக்கம்பியையும் சேர்த்துப் பிடித்திருந்தால்? 315ஐ 30ஆல் வகுத்தால் பத்தரை கிலோ. கீழ்க்கம்பியில் ஒரு கால் சாய்ந்து நின்றாலே போதும், உராய்வை நம்ப வேண்டியதே இல்லை. 250க்கும் பத்தரைக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான், நாங்கள் வாங்கும் வரிசையே தலைகீழ் என்று புரிந்தது. முதலில் இடம், அப்புறம் எரிபொருள், அப்புறம் பிடிமானம். இவை மூன்றும் முடிவான பிறகு எந்தக் கிரில் பொருந்துகிறதோ அதுதான் கிரில்.

இரண்டாவது தவறு அடுத்த மாதம் தெரிந்தது. ஒற்றைச் சிலிண்டர் வேண்டாம் என்று, அதே கிரில்லைப் படகின் சமையல் எரிவாயுக் குழாயோடு இணைத்துப் பார்த்தோம். நீலத் தீ அரை விரற்கடைக்கு மேல் எழும்பவே இல்லை. நாற்பது நிமிடம் ஆகியும் கோழி வெளுத்துப்போய்க் கிடந்தது. அடைப்பு இருக்கும் என்று பர்னரைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தினேன். அடைப்பு எதுவும் இல்லை.

காரணம் அழுத்தம். நம் வீட்டு அடுப்பில் ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையில் இருக்கும், ரப்பர் குழாயில் வருவது ஏற்கெனவே அழுத்தம் குறைந்த வாயு. படகுக் குழாயும் அப்படித்தான். அமெரிக்க முறைப்படி அதில் இருப்பது 11 அங்குல நீர்மட்ட அழுத்தம், அதாவது அரை பிஎஸ்ஐகூட (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) இல்லை. கேம்பிங் சிலிண்டரை நேராகத் திருகும் கிரில்லின் வால்வோ, 21 டிகிரி வெப்பத்தில் சுமார் 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும் புரோப்பேன் வாயுவை வாங்கிக் குறைப்பதற்காகச் செய்தது. குறைந்ததையே அது மறுபடி குறைத்தால் தீ எங்கிருந்து வரும்? கிரில்லை மாற்ற வேண்டியதில்லை, படகுக் குழாய்க்கான தாழ்அழுத்த வால்வை மாற்றினால் போதும். ஆனால் எங்கள் கிரில்லுக்கு அந்த வால்வு கிடைக்கவில்லை.

மூன்றாவது உலோகம். ஒரே பருவத்தில் பர்னரின் துளைகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், மூடியிலும் பர்னரிலும் பச்சென்று ஒட்டியது. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் அநேகமாக ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கும். நிக்கல் சேர்க்காத மலிவு வகையில் நன்றாகவே ஒட்டும். அந்த வகை சமையலறைக்குச் சரி, உப்புக்காற்றுக்கு ஆகாது. செசபீக்கின் இந்தப் பகுதியில் உப்பு கடலில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதற்கே இந்தக் கதி.

கரியா, வாயுவா

இதில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நண்பர் தூத்துக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “தம்பி, கரியில சுடாத மீனு மீனா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் விரிகுடாவுக்குள் ஸ்பானிஷ் மேக்கரல் கூட்டம் வரும். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை, கொஞ்சம் சோம்பு தடவி அதைக் கங்கில் வைத்தால் வருகிற மணம் வாயு அடுப்பில் வராது. நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் கரியை விட்டோம். கரி நெருப்பைக் குமிழைத் திருப்பி அணைக்க முடியாது. சமையல் முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடான சாம்பல் பின்கம்பியில் தொங்கும். அன்னாபொலிஸ் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் கோடை மாலை என்றால் இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கருமேகம் திரண்டு இருபது நிமிடத்தில் பலத்த காற்று வந்துவிடும். அப்போது நங்கூரத்தைப் பார்ப்பதா, கரி நெருப்பைப் பார்ப்பதா? சாம்பலைத் தண்ணீரில் கொட்டவும் கூடாது, விரிகுடாவுக்குள் எந்தக் குப்பையையும் போடச் சட்டம் அனுமதிக்காது. கரி மூட்டை படகின் ஈரத்தில் நமுத்துப்போகும். இவற்றுக்கெல்லாம் மேலே, எங்கள் படகுத்துறையில் கரி அடுப்புக்குத் தடை. இப்படித் தடை போட்ட துறைகள் நிறைய. நண்பர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “சரி, வீட்டுத் தோட்டத்துல கரி, படகுல கேஸு” என்றார்.

மின்சாரக் கிரில்லை ஒரு நிமிடம்தான் பார்த்தோம். 1,500 வாட் என்றால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியர். எங்கள் பேட்டரி அதற்குத் தாங்காது.

வாயு என்று முடிவான பிறகு, எந்தச் சிலிண்டர் என்பது அடுத்த கேள்வி. பச்சை நிறத்தில் கடைகளில் விற்கும் ஒரு பவுண்டு சிலிண்டர் சுலபம்தான். அதில் உள்ள 465 கிராம் புரோப்பேன் சுமார் 21,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். மணிக்கு 10,000 பிடியு எரிக்கும் கிரில்லை முழுத்தீயில் வைத்தால் இரண்டு மணி நேரம். ஆனால் பாதி தீர்ந்த சிலிண்டரை எங்கே வைப்பது? கழற்றிய பிறகு அதன் வால்வு லேசாகக் கசியலாம். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியே போகலாம். படகோ மூடிய கிண்ணம் மாதிரி, கசிந்தது அடியில் போய்த் தேங்கும். காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் அந்தச் சிலிண்டர்களை ஒருபோதும் படகுக்குள் வைக்கக் கூடாது. வெளியே கம்பியில் துணிப்பையில் தொங்கவிட வேண்டும், அங்கே அவை துருப்பிடிக்கும். காலியானதை எங்கே போடுவது என்பதும் பெரிய தலைவலி. கலிபோர்னியா மாநிலம் மறுபடி நிரப்ப முடியாத இந்தச் சிலிண்டர்களை 2028இலிருந்து விற்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

எங்கள் படகில் ஏற்கெனவே 10 பவுண்டு சிலிண்டர் ஒன்று தனி லாக்கரில் இருந்தது. லாக்கரின் அடியிலிருந்து வெளியே கடலைப் பார்த்துத் திறக்கும் காற்றுக்குழாய் உண்டு, கசிந்தாலும் வாயு தானாக வெளியேறிவிடும். அதையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

இடம், பொருத்தம்

பின்கம்பியின் வலது மூலையில் டிங்கியின் மோட்டார் மாட்டியிருக்கும். பெட்ரோல் இருக்கிற பக்கம் நெருப்பு வேண்டாம். நடுவில் ஏணி, நீந்தப் போகிறவர்கள் ஏறி இறங்கும் வழி. மிச்சம் இடது மூலை. அங்கே குதிரை லாட வடிவ உயிர்காப்பு மிதவை தொங்கியது, அதை வலது பக்கத்துக்கு மாற்றினோம். தலைக்கு மேல் இருக்கும் துணிக்கூரை, கிரில்லின் மூடி முழுதாகத் திறந்தாலும் 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று நாடா வைத்து அளந்தோம். அந்த அக்ரிலிக் துணி உருகும். அதோடு சேர்த்துத் தைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இந்த இடத்துக்கும், இரண்டு கம்பியையும் பிடிக்கிற தாங்கிக்கும், தாழ்அழுத்த வால்வுக்கும் ஒத்துவருகிற கிரில் எது என்று தேடினோம். மாக்மா, டிக்கின்சன் என்ற இரண்டு பெயர்களைத்தான் இங்கே பின்கம்பிகளில் அதிகம் பார்க்கலாம். வட்டமான கிண்ண வடிவம் காற்றை நன்றாகத் தாங்கும், இடமும் அடைக்காது. ஆனால் வட்டத்தில் முழு மீனை வைத்தால் வாலும் தலையும் வெளியே நிற்கும். செவ்வகத்தில் சின்ன அளவை எடுத்தோம். பழையதைவிடச் சமைக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. நான்கு பேருக்கு ஒரு முறை, ஆறு பேர் வந்தால் இரண்டு முறை சுட வேண்டும். அதில் ஒரு நஷ்டமும் இல்லை. மூடிக்குக் கொக்கி உண்டு, சுடும் கம்பித்தட்டுக்கு எழும்பின விளிம்பு உண்டு, கொழுப்புத் தட்டு பூட்டிக்கொள்ளும். கடையிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

2024 மே மாதம் பொருத்தினோம். லாக்கருக்குள்ளேயே, வாயுக் குழாயை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ டீ இணைப்பு ஒன்று, கிரில்லுக்குத் தனி அடைப்பு வால்வு, அங்கிருந்து இடையில் மூட்டு இல்லாத ஒரே ஹோஸ் (வளையும் குழாய்) நேராகப் பின்கம்பிக்கு. ஹோஸ் கேபினுக்குள் நுழையவே இல்லை. இந்த ஒழுங்குகளை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் (ஏபிஒய்சி) ஏ-1 தரநிர்ணயம் இவற்றைச் சொல்கிறது. பெரியவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

பிறகு கசிவுச் சோதனை. கிரில்லின் குமிழ் மூடியபடி சிலிண்டரைத் திறந்து, லாக்கரில் உள்ள அழுத்தமானியின் முள் நிற்கிற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டோம். சிலிண்டரை மூடினோம். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். முள் கோட்டை விட்டு மயிரிழை கீழே வந்திருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால், டீ இணைப்பின் ஒரு நட்டில் ஒரே ஒரு குமிழி மெதுவாக வளர்ந்து உடைந்தது, மறுபடி வளர்ந்தது. மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. கால் சுற்று முறுக்கியதும் நின்றுவிட்டது. இன்னொரு பதினைந்து நிமிடத்தில் முள் அசையவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதைச் செய்கிறோம்.

அன்றைக்கே தீயணைப்பானையும் எடுத்துப் பார்த்தோம். அடியில் அச்சிட்ட வருடம் 2009. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வகைத் தீயணைப்பான் 12 வருடத்துக்கு மேல் செல்லாது என்பது 2022 ஏப்ரல் 20 முதல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. 2023 ஜூலையில் டிங்கியில் பெட்ரோல் பற்றியிருந்தால் எங்கள் கையில் இருந்தது அந்தக் காலாவதியான டப்பாதான்.

இரண்டு பருவங்களுக்குப் பிறகு

2024, 2025 இரண்டு பருவத்திலும் ஏறக்குறைய நாற்பது முறை சுட்டிருப்போம். கிளாம்ப் பற்றிய இடத்தில் குழாயில் கீறல் இல்லை. பர்னர் திருகாணிகளில் மட்டும் தேநீர்க் கறை மாதிரி லேசான பழுப்பு, தேய்த்தால் போய்விடுகிறது. மூடி போட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்குகிறது, அதனால் வெயிலில் காய்ந்த பிறகே மூடுகிறோம்.

எதிர்பார்க்காத தொந்தரவும் வந்தது. இங்கே படகைப் பின்பக்கமாக ஓட்டி, இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே நிறுத்துவார்கள். முதல் மாதமே கிரில்லின் மூலை தூணில் உரசப் பார்த்தது. இப்போது துறைக்குள் நுழையும் முன்பு ஹோஸைக் கழற்றி, தாங்கியைப் பூட்டும் ஊசியை உருவி, கிரில்லைத் தாங்கியிலிருந்து எடுத்துக் காக்பிட்டில் (படகின் பின்பக்கம் உட்காருகிற பள்ளத்தில்) வைத்துவிடுகிறோம். பாய் விரித்து ஓடும்போதும் அப்படித்தான். ஒரு நிமிட வேலை.

அப்புறம் மஞ்சள் கறை. மீனிலிருந்து சொட்டிய மசாலா எண்ணெய் படகின் வெள்ளைப் பக்கச்சுவரில் வழிந்து நீளமான மஞ்சள் கோடு போட்டுவிட்டது. சோப்பு, வினிகர் எதற்கும் அசையவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டோம். மூன்று வாரத்தில் வெயிலே அதை வெளுத்துவிட்டது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது என்று அம்மா துணி காயப்போடும்போது சொல்வது படகுக்கும் பொருந்துகிறது.

2025 ஆகஸ்டில் மறுபடி ரோட் ரிவர். இந்த முறை நண்பரின் குடும்பமும் கூட இருந்தது. கம்பித்தட்டில் இரண்டு மேக்கரல், ஒன்றைத் திருப்பிப் போடக் கரண்டியை அடியில் விட்டிருந்தேன். ஒரு மோட்டார் படகு கடந்து போனது, அலை வந்தது. “தம்பி, மூடிய மூடு” என்றார் நண்பர். கொக்கியைப் போட்டேன். படகு ஆடியது. கொழுப்புத் தட்டில் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடி, விளிம்பில் நின்று, திரும்பி வந்தது. தாங்கியின் கால் நடுக்கம்பியில் அழுந்தி நின்ற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், அசைவில்லை. டிங்கி அன்றைக்கு முன்பக்கத்தில் கட்டியிருந்தது. கிரில்லைப் பற்ற வைப்பதற்கு முன்பு டிங்கியை முன்னால் கொண்டுபோய்க் கட்டுவது இப்போது மனைவியின் பொறுப்பு.